எச்சரிக்கும் கருவியும் கேட்கும் மனமும்

இன்றைய கட்டுமானத் தளங்களில் ஊழியர்களைப் போலவே கருவிகளும் ஓயாமல் பணியாற்றுகின்றன. தோண்டிய குழியின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்பதை ஒரு கருவி அளக்கிறது. இரும்புத் தாங்கியின்மீது எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை மற்றொன்று காட்டுகிறது. பின்னோக்கி வரும் லாரியின் வழியில் ஆள் நின்றால் ஒலி எழுப்பவும் கருவி உண்டு. உயரத்தில் பொருத்தப்பட்ட கேமராக்கள் தளம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில், 5 மில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஒப்பந்த மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் காணொளிக் கண்காணிப்பு முறை 2024 ஜூன் 1 முதல் கட்டாயமாகியுள்ளது.

இவற்றையெல்லாம் பார்ப்பவர்களுக்கு, “இத்தனை கருவிகள் இருக்கும்போது விபத்து எப்படி நேரும்?” என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான கருவிகள் அபாயத்தைக் காட்டுவதோடு தம் வேலையை முடித்துக்கொள்கின்றன. காட்டியதைப் பார்த்து, அதன் பொருளை உணர்ந்து, “வேலையை நிறுத்துங்கள்” என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்தச் சொல்லுக்குச் செவிகொடுக்க இன்னொரு மனிதரும் வேண்டும். ஆகவே, ஒரு வேலையிடத்தின் பாதுகாப்பு அங்குள்ள கருவிகளை மட்டும் பொறுத்ததன்று. கடைநிலை ஊழியர்கூட அச்சமின்றிப் பேச முடிகிறதா, மேலதிகாரி அதைப் பொறுமையாகக் கேட்கிறாரா என்பதையும் பொறுத்தது.

நிக்கல் நெடுஞ்சாலை தரும் பாடம்

இதற்குச் சிங்கப்பூரின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகல் ஏறத்தாழ 3.30 மணிக்கு, வட்டப்பாதை பெருவிரைவு ரயில் தடத்திற்காக நிக்கல் நெடுஞ்சாலைக்கு அருகில் தோண்டப்பட்டுவந்த பெருங்குழி இடிந்து விழுந்தது. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் அதனுடன் சரிந்தது. ஊழியர் நால்வர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர், தம்முடன் வேலை செய்தவர்களை வெளியேறச் செய்தபின் தாம் தப்ப முடியாமல் போன மேற்பார்வையாளர். அவரது உடல் கடைசிவரை மீட்கப்படவில்லை.

அந்தக் குழி ஏன் இடிந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. அப்பகுதி கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்ட நிலம். அடியில் மென்மையான களிமண் இருந்தது. அத்தகைய மண்ணில் ஆழமாகத் தோண்டும்போது இரு பக்கமும் மண் உள்ளே சரியப் பார்க்கும். அதைத் தடுக்க இருபுறமும் சுவர் எழுப்பி, சுவருக்குச் சுவர் குறுக்காக இரும்புத் தாங்கிகளைப் பொருத்துவார்கள். சுவரையொட்டிக் கிடைமட்டமாக இரும்பு உத்திரங்கள் ஓடும். தாங்கியின் முனை அந்த உத்திரத்தில் சேரும் இணைப்பு உறுதியாக இருந்தால்தான் முழு அமைப்பும் நிற்கும். அந்த இணைப்புகள் போதிய வலுவின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன என்று விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு கண்டறிந்தது.

வடிவமைப்பில் பிழை நேர்ந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. அந்தத் தளத்தில் அளக்கும் கருவிகள் இருந்தன. அவை எச்சரிக்கவும் செய்தன. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்வதை அளவீடுகள் முன்கூட்டியே காட்டின. அப்போது வேலையை நிறுத்தி, “வடிவமைப்பில் எங்கே பிழை?” என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு மாறாக, கணக்குகள் திருத்தப்பட்டு, அனுமதிக்கப்பட்ட அளவின் எல்லை உயர்த்தப்பட்டது. காய்ச்சல் வந்தவருக்கு மருந்து தராமல், வெப்பமானியில் காய்ச்சல் தொடங்கும் கோட்டை அழித்து மேலே வரைவதைப் போன்றது இது.

விபத்து நடந்த நாளன்று காலையிலும் அறிகுறிகள் தென்பட்டன. பலத்த ஓசைகள் கேட்டன. உத்திரங்கள் வளைந்திருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. அவற்றைச் சரிசெய்யும் முயற்சிகள் நடந்தன. ஆயினும், எல்லாரையும் உரிய நேரத்தில் வெளியேற்றும் முடிவு எடுக்கப்படவில்லை. கருவி சொன்னதையும் காது கேட்டதையும் கண் பார்த்ததையும் ஒன்றுசேர்த்து, “இது ஆபத்து” என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில்தான் பெருங்குறை ஏற்பட்டது.

அதே 2004ஆம் ஆண்டில் மேலும் இரண்டு பெரிய வேலையிட விபத்துகள் நிகழ்ந்து உயிர்களைப் பறித்தன. அவற்றின் விளைவாகச் சிங்கப்பூர் தன் சட்டத்தையே மாற்றியமைத்தது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்திற்குப் பதிலாக, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. விதிகளைப் பட்டியலிட்டு அவற்றைப் பின்பற்றினால் போதும் என்றிருந்த நிலை மாறியது. அபாயத்தை உண்டாக்குபவரே அதை முன்கூட்டியே கண்டறிந்து குறைக்கவும் வேண்டும் என்பது புதிய சட்டத்தின் அடிப்படை.

அதன் பலன் கண்கூடு. 2004ஆம் ஆண்டில் 100,000 ஊழியர்களுக்கு 4.9 என்றிருந்த வேலையிட மரண விகிதம், 2023ஆம் ஆண்டில் 0.99ஆகக் குறைந்தது. ஆனால், அதற்கு அடுத்த ஆண்டு, 2024இல், அது மீண்டும் 1.2ஆக உயர்ந்தது. அந்த ஓராண்டில் 43 பேர் வேலையிடத்தில் உயிரிழந்தனர். கண்காணிப்புக் கேமரா கட்டாயமான ஆண்டும் அதுவே. கேமராக்களால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவற்றை மட்டும் நம்பி ஓய்ந்திருக்க முடியாது என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

பேசத் தயங்குவது ஏன்?

அபாயத்தைக் கண்டும் மனிதர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? முதல் காரணம் அச்சம். “வேலை போய்விடுமோ? தொல்லை தருபவன் என்று பெயர் வாங்கிவிடுவோமோ?” என்று ஊழியர் அஞ்சுகிறார். கடன் வாங்கிக் கடல் கடந்து வந்து, ஊரில் உள்ள குடும்பத்திற்குப் பணம் அனுப்பும் ஒருவருக்கு அந்த அச்சம் இன்னும் பெரிது.

இரண்டாவது காரணம், பெரியவர்மீது கொண்ட மரியாதை. இருபது ஆண்டு அனுபவமுள்ள மேற்பார்வையாளருக்குத் தெரியாதது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தெரிந்துவிடுமா என்று இளையவர் தன்னையே ஐயுறுகிறார். மூன்றாவது காரணம், “வேறு யாராவது சொல்வார்கள்” என்ற நினைப்பு. பத்துப் பேர் பார்த்த பழுதை ஒருவரும் சொல்லாமல் விட்டுவிடுவது இதனால்தான்.

நான்காவது காரணம் மொழி. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களின் மேற்பார்வையாளர் சீன மொழியோ வங்காள மொழியோ பேசுபவராக இருக்கலாம். ஆபத்து நெருங்கும் வேளையில், சொல்ல வேண்டியதை அரைகுறை ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஆகவே, பாதுகாப்பு அறிவிப்புகள் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது ஊழியர்களின் உயிரோடு தொடர்புடைய தேவை.

தயக்கமும் அலட்சியமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை விமானத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். ஒரு விமானம் புறப்பட ஓடத் தொடங்கியபோது, மற்றொன்று இன்னும் ஓடுபாதையிலேயே இருந்தது. அதைப் பற்றிய வானொலித் தகவல், இருவர் ஒரே சமயத்தில் பேசியதால் ஏற்பட்ட இரைச்சலில் தெளிவாகக் கேட்கவில்லை. இருப்பினும், புறப்பட்ட விமானத்தின் பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. மற்ற விமானம் இன்னும் விலகவில்லையோ என்று அவர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொல்லவே, பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அங்கே வானொலிக் கருவி கைவிட்ட இடத்தில் மனிதரின் ஐயம் காப்பாற்றியிருக்கலாம். அந்த வாய்ப்பும் நழுவிப்போனது. இந்த விபத்தும் இதுபோன்ற வேறு சில விபத்துகளும் விமானத் துறையின் பழக்கத்தையே மாற்றின. துணை விமானி ஐயத்தைத் தயங்காமல் சொல்லவும், தலைமை விமானி அதைத் தம் அதிகாரத்திற்கு விடப்பட்ட சவாலாகக் கருதாமல் கேட்கவும் இன்று தனிப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

வேலை தடைபடாதா?

“ஒவ்வோர் ஐயத்திற்கும் வேலையை நிறுத்தினால் எந்தக் கட்டடமும் குறித்த காலத்தில் முடியாது” என்பது சிலரின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தாமதத்தால் செலவு கூடும். ஒப்பந்தத்தை மீறினால் அபராதமும் கட்ட நேரிடும். அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் எச்சரிக்கை மணியை மனிதர்கள் நாளடைவில் பொருட்படுத்துவதும் இல்லை. புலி வருகிறது, புலி வருகிறது என்று பொய்க் கூச்சலிட்ட சிறுவனின் கதை இங்கும் பொருந்தும்.

ஆயினும், இந்த வாதத்திற்கு உலகின் மிகப் பெரிய வாகன உற்பத்தி நிறுவனங்களுள் ஒன்றான டொயோட்டாவே விடையளிக்கிறது. அதன் குழுமத்தைத் தோற்றுவித்த சக்கிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் நெசவுத் தறியை உருவாக்கியவர். பழுதோடு நெய்துகொண்டே போவதைவிட, நின்று சரிசெய்துவிட்டுத் தொடர்வதே மேல் என்பது அந்தத் தறிக்குப் பின்னால் இருந்த சிந்தனை. பிற்காலத்தில் டொயோட்டா கார்த் தொழிற்சாலைகளிலும் அதே சிந்தனை இடம்பெற்றது. வேலை நடக்கும் வரிசையின் மேலே ஒரு கயிறு தொங்கும். பழுதைக் கண்ட எந்த ஊழியரும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் வந்து பார்ப்பார். சிறிது நேரத்திற்குள் பழுதைத் தீர்க்க முடியாவிட்டால் வரிசை நிற்கும்.

இந்த முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கயிற்றை இழுக்கும் உரிமை மேலாளருக்கு மட்டும் தரப்படவில்லை. அதே வேளையில், இழுத்த ஒவ்வொரு முறையும் முழுத் தொழிற்சாலையும் நின்றுபோவதும் இல்லை. முதலில் ஒருவர் வந்து பார்க்கிறார். பிறகே முடிவு எடுக்கப்படுகிறது. எச்சரிக்கையை மதிப்பதற்கும் வேலையை முடிப்பதற்கும் பகை இல்லை என்பதை இது காட்டுகிறது. பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்தால் கருவியைப் பழுதுபார்க்க வேண்டும், அதை அணைத்துவிடக்கூடாது. மேலும், ஒரு மணி நேரம் வேலை நின்றதால் ஏற்பட்ட இழப்பை மறுநாள் ஈடுகட்டலாம். போன உயிரை ஈடுகட்ட வழியில்லை.

கேமரா யாருக்காக?

தொழில்நுட்பத்தை எந்த நோக்கத்தோடு பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். ஒரே கேமராவை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். தவறு செய்தவரைப் பிடித்துத் தண்டிப்பதற்காக மட்டும் அது இருந்தால், ஊழியர்கள் கேமரா இல்லாத இடத்தைத் தேடுவார்கள். நூலிழையில் தப்பிய சம்பவங்களை மறைப்பார்கள். மேலிருந்து விழுந்த சுத்தியல் யார்மீதும் படவில்லை என்றால், யாருக்கும் தெரியாமல் அதை எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மறுமுறை அதே சுத்தியல் ஒருவரின் தலையில் விழலாம்.

அதே கேமராப் பதிவை வாரம் ஒருமுறை எல்லாரும் கூடிப் பார்த்து, “இங்கே சுத்தியல் ஏன் விழுந்தது? அதைக் கயிற்றில் கட்டிவைக்க முடியுமா? கீழே வலை விரிக்கலாமா?” என்று பேசினால் நிலைமை மாறும். கேமரா காவல்காரராக இருப்பதோடு ஆசிரியராகவும் மாறும். வேண்டுமென்றே விதியை மீறுபவர் தண்டனைக்கு உரியவர் என்பதில் ஐயமில்லை. தெரியாமல் தவறியவரும் அதைத் தாமாகவே வந்து சொன்னவரும் அவரோடு ஒரே தட்டில் நிறுக்கப்படக்கூடாது.

தொழில்நுட்பம் சாமானியரின் குரலுக்கும் வலிமை சேர்க்கலாம். பாதுகாப்பற்ற வேலை நடப்பதைப் பார்க்கும் பொதுமக்கள், படமெடுத்து மனிதவள அமைச்சுக்குத் தெரிவிப்பதற்காக ‘ஸ்னாப்சேஃப்’ என்ற வசதி ஏற்படுத்தப்பட்டது. கூரையின் விளிம்பில் பாதுகாப்புக் கயிறின்றி நிற்கும் ஊழியரைத் தெருவில் போகிறவர் பார்த்தும் பாராமல் போகத் தேவையில்லை.

பணிவும் துணிவும்

மூத்தவரிடம் குறையைச் சுட்டிக்காட்டுவது மரியாதைக் குறைவாகாதா என்று சிலர் கேட்கலாம். தமிழ்ப் பண்பாடு அப்படிக் கருதவில்லை. திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. தவறு செய்யும்போது கடிந்து சொல்லக்கூடிய துணை அரசனுக்கே வேண்டும் என்பது அதில் வலியுறுத்தப்படும் கருத்துகளுள் ஒன்று. நாடாளும் மன்னனுக்கே அது தேவையென்றால், தளத்தை நடத்தும் மேலாளருக்குத் தேவையில்லை என்று சொல்ல முடியுமா?

சொல்லும் முறையில் பணிவு இருந்தால் துணிவு ஒருபோதும் அவமரியாதை ஆகாது. கண்டது, அஞ்சுவது, வேண்டுவது என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்வது நல்ல முறை. “அண்ணே, மூன்றாவது தாங்கி வளைந்திருப்பதுபோல் தெரிகிறது. கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள், விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து பார்க்கும்வரை அவர்களை மேலே வரச் சொல்லலாமா?” என்று கேட்கும் இளைஞர் யாரையும் குறை கூறவில்லை, தம் அனுபவத்தையும் பெரிதுபடுத்தவில்லை. ஆயினும், சொல்ல வேண்டிய எதையும் அவர் விட்டுவிடவில்லை. ஒருமுறை சொல்லிப் பயனில்லை என்றால் இன்னொரு முறை சொல்லலாம். அதற்கும் பயனில்லை என்றால் அடுத்த நிலை அதிகாரியிடம் செல்லலாம்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. “உன் வேலையைப் பார்” என்ற மூன்று சொற்கள் ஒரு தளத்தில் உள்ள அனைவரின் வாயையும் பல மாதங்களுக்கு அடைத்துவிடும். “நல்ல வேளை சொன்னாய் தம்பி, வா பார்க்கலாம்” என்று சொல்லும் மேற்பார்வையாளர், அந்த ஐயம் தவறாகவே இருந்தாலும், அடுத்த முறை உண்மையான ஆபத்து வரும்போது அதைக் கேட்கும் வாய்ப்பைப் பெறுகிறார்.

ஊழியரின் குரலுக்குச் சட்டமும் துணை நிற்கத் தொடங்கியுள்ளது. மலேசியாவில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை அது ஊழியருக்குத் தருகிறது. சட்டம் கதவைத் திறந்துவைக்கிறது. அதன் வழியே தயக்கமின்றி நடந்து வரும் பழக்கத்தை அன்றாட நடத்தையால்தான் வளர்க்க முடியும்.

பள்ளியில் தொடங்கும் பழக்கம்

அந்தப் பழக்கம் வேலைக்குச் சென்ற பிறகு திடீரென்று வந்துவிடாது. பள்ளியின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணியாத நண்பரிடம், “கண்ணாடியைப் போட்டுக்கொள்” என்று சொல்லும் மாணவர் அதைத் தொடங்கிவிட்டார். பட்டறையில் துளையிடும் இயந்திரம் வழக்கத்திற்கு மாறான ஓசை எழுப்பினால், அதை அணைத்துவிட்டு ஆசிரியரை அழைப்பவரும் அதே பழக்கத்தைப் பயில்கிறார். திறன்பேசியில் கண்ணைப் பதித்தபடி சாலையைக் கடக்கும் தோழியை நிறுத்துபவரும் அவ்வாறே.

இத்தகைய வேளைகளில், “உனக்கெதற்கு இந்த வேலை?” என்று நண்பர்கள் கேலி செய்யக்கூடும். அந்தக் கேலியைத் தாங்கப் பழகியவர்தான், நாளை முப்பது மீட்டர் ஆழக் குழியின் விளிம்பில் நின்று, “எல்லாரும் மேலே வாருங்கள்” என்று சொல்லும் துணிவைப் பெறுவார். கேலி செய்யாமல் கேட்கப் பழகியவர் நாளை நல்ல மேலாளராவார்.

வருங்காலத்தில் கருவிகள் இன்னும் கூர்மையாகும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் அவை காட்டும். அவற்றை வரவேற்க வேண்டும். அவற்றுக்குச் செலவிடவும் வேண்டும். ஆனால், கருவி வாங்கச் செலவிடும் பணத்தோடு, பேசுபவரை மதிக்கும் பழக்கத்தை வளர்ப்பதற்கான நேரத்தையும் ஒவ்வொரு வேலையிடமும் ஒதுக்க வேண்டும். காலையில் வேலை தொடங்கும் முன் நடைபெறும் கூட்டத்தில், “நேற்று உங்களுக்குப் பயம் தந்தது எது?” என்று ஒவ்வொருவரிடமும் அவருக்குப் புரியும் மொழியில் கேட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்; எந்தப் புதிய கருவியும் தேவையில்லை.